சூடு போகும் வழி

கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதை நேயர்களில் பலர் பார்த்திருக்கலாம். சக்கரத்தைவிடச் சற்றே சிறியதாக அடித்த பட்டையைக் கொல்லர் நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சுவார். உஷ்ணத்தால் பட்டை விரியும். அந்தச் சமயத்தில் அதைச் சக்கரத்தின்மேல் ஏற்றித் தண்ணீரைக் கொட்டினால், அது சுருங்கி மரத்தை இறுகக் கவ்விக் கொள்ளும். உஷ்ணத்துக்கு இத்தனை பலம் உண்டென்பதை நம் கொல்லர்கள் எந்தச் சர்வகலாசாலைக்கும் போகாமலே அறிந்திருந்தார்கள்.

அதே பலத்தைக் கொண்டு இன்று கண்ணுக்கு எளிதில் புலப்படாத யந்திரங்களையும் இயக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் ஒரு கூறு ஒரு மைக்ரான். சிலிக்கான் தகட்டின்மீது 2 மைக்ரான் பருமனும் 500 மைக்ரான் நீளமும் உள்ள ஒரு சட்டத்தைச் செதுக்குகிறார்கள். இரு முனைகளும் தகட்டோடு பிணைக்கப்பட்டிருக்கும். நடுப்பகுதி மட்டும் சிறிது முன்னோக்கிக் கூனியிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் சட்டம் சூடேறி நீள்கிறது. 400 டிகிரி ஏறினாலும் நீட்சி சுமார் அரை மைக்ரான்தான். ஆனால் முனைகள் நகர இடமில்லாமையால், கூனிய நடுப்பகுதி அதைப்போல் பல மடங்கு தூரம் முன்னே தள்ளப்படுகிறது.

எவ்வளவு மின்சாரம் செலுத்தலாம்? குறைந்தால் சட்டம் அசையாது. மிஞ்சினால், உருகுவதற்கு முன்பே நிரந்தரமாகக் கோணிப்போகும். இதனுள் உஷ்ணமானியைச் செருகிப் பார்க்க வழியில்லை. ஆகவே கணக்குத்தான் துணை. மின்சாரத்தால் உண்டாகும் சூடும், வெளியேறும் சூடும் எந்த நிலையில் சமமாகின்றனவோ, அதுவே சட்டத்தின் உஷ்ண நிலை.

சூடு எப்படி வெளியேறுகிறது? வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் கடத்தல், சலனம், கதிர்வீசல் என்று மூன்றையும் ஒப்பித்து விடுவார்கள். காப்பி ஆறுவதில் காற்றின் சலனத்துக்குப் பங்கு உண்டு என்றும் சொல்வார்கள். சரிதான். அசைவற்ற அறையில் அவ்விதம் போகும் சூடு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 10 வாட். இந்த எண்ணையே நம் சிறு சட்டத்துக்கும் வைத்தால் கணக்கு அடியோடு கவிழ்ந்துவிடும்.

சட்டத்துக்கும் கீழேயுள்ள தகட்டுக்கும் இடையே 2 மைக்ரான் சந்துதான் இருக்கிறது. அவ்வளவு குறுகிய இடத்தில் காற்று சுழன்றெழ முடியாது, அசையாமல் கிடக்கும். காற்று உஷ்ணத்தை மிகவும் மந்தமாகக் கடத்துவது உண்மையே. ஆயினும் கடக்க வேண்டிய தூரம் 2 மைக்ரானே ஆனதால், அதே அளவுகளில் சுமார் 13,000 வாட் அவ்வழியே இறங்கிவிடுகிறது! ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். போதாக்குறைக்கு, சூடேற ஏறச் சிலிக்கானின் மின் தடையும் உஷ்ணக் கடத்தலும் மாறுகின்றன. எனவே கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத்தான் விடையை அணுக வேண்டும்.

அந்தக் காற்றையும் எடுத்துவிட்டால்? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையினர் 2005-ஆம் ஆண்டில் இத்தகைய யந்திரத்தை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பினுள் வைத்து, கரியாலான நுண்குழல்களை இழுத்துச் சோதித்த விவரத்தை வெளியிட்டார்கள். அந்தக் கருவியின் உள்ளே வெற்றிடம். சந்தின் வழியே சூடு இறங்க இயலாது. பெரும்பாலும் சட்டத்தின் முனைகள் வழியாகவே போக வேண்டும். திறந்த காற்றில் பத்திரமாக ஓடிய மின்சாரமே அங்கே சட்டத்தின் நடுப்பகுதியைக் கெடுத்துவிடக் கூடும். சோதிக்கும் பொருளும் சுட்டுவிடக் கூடாதே! அதற்காக, நடுவே மெல்லிய பக்கச் சட்டங்களை அமைத்து, உஷ்ணத்தைத் தகட்டுக்கு வடித்துவிட்டார்கள்.

கொல்லருக்கு இரும்பின் சிவப்பே அளவுகோல். இங்கே அந்த வசதி இல்லை. ஆகையால் உஷ்ணக் கணக்கு எழுத வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது சூத்திரத்தை அல்ல. ‘பொருள் எவ்வளவு பெரியது? பக்கத்தில் என்ன இருக்கிறது? நடுவே காற்று உண்டா?’ என்று கேட்கிறேன். இவற்றுக்கு விடை சொன்ன பிறகுதான் பலகையில் எழுதச் சுண்ணக்கட்டி கொடுப்பது வழக்கம்.