கம்ப்யூட்டர் லைசென்ஸ்: வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

நமது திருவண்ணாமலையில் மண்டிக் கணக்கானாலும் மளிகைக் கடை பில்லானாலும் இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கிறது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு ரிட்டர்ன் தாக்கல், இ-வே பில் எல்லாமே அதன் மூலம்தான். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்திலும், கார்த்திகை தீபத்துக்கு முந்தைய பத்து நாட்களிலும் பில் போடும் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் நின்றால் என்ன நஷ்டம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆயினும், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸையும் தராசு முத்திரைச் சான்றையும் கண்ணில் படும்படி மாட்டி வைக்கும் நாம், கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸுக்கு லைசென்ஸ் இருக்கிறதா, அது எந்த வகை, அதன் பில் எங்கே என்று கேட்டால் விழிக்கிறோம். "சர்வீஸ் செய்யும் தம்பிக்குத் தெரியும்" என்பதே பலரின் பதில். கம்ப்யூட்டர் பழுதாகி ஃபார்மட் செய்யும் நாளில்தான் இதன் விளைவு தெரிகிறது. ஆகவே இந்த விஷயத்தை வணிகர் கண்ணோட்டத்தில் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

சி.டி. வேறு, லைசென்ஸ் வேறு

விண்டோஸ் சி.டி.யோ பென் டிரைவோ வெறும் சாக்குப் பை போன்றது. அது யாரிடமும் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தற்போதைய பதிப்பை இலவசமாக இறக்கிக்கொள்ள அனுமதிக்கிறது. நாம் விலை கொடுத்து வாங்குவது பயன்படுத்தும் உரிமையை. அதற்கு அடையாளமாகத் தரப்படுவதுதான் ஐந்து ஐந்தாகப் பிரித்த 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட 'கீ'.

நமக்குப் பழகிய உதாரணம் சொல்வதானால், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி. தேரடி வீதிக் கடையின் லைசென்ஸை ஜெராக்ஸ் எடுத்து போளூர் சாலைக் கிளையில் மாட்டினால் அது செல்லாது. விண்டோஸ் கீயும் அப்படித்தான். ஒரு கீ, ஒரு கம்ப்யூட்டர். மூன்று கம்ப்யூட்டருக்கு மூன்று லைசென்ஸ் வேண்டும்.

பழைய பழக்கம் எங்கிருந்து வந்தது?

விண்டோஸ் 98 காலத்தில் சி.டி.யும் கீயும் இருந்தால் எத்தனை கம்ப்யூட்டரிலும் போட முடிந்தது. கீயை மைக்ரோசாஃப்டிடம் சரிபார்க்கும் ஏற்பாடு அப்போது கிடையாது. "ஒரு சி.டி. வாங்கினால் ஊருக்கே போதும்" என்ற எண்ணம் அங்கேதான் தொடங்கியது. சட்டப்படி அது அன்றும் தவறுதான். தடுப்பார் இல்லை, அவ்வளவே.

2001 அக்டோபரில் வந்த எக்ஸ்.பி. பதிப்பில் 'ஆக்டிவேஷன்' முறை புகுந்தது. அதில் கீ மட்டும் சரியாக இருந்தால் போதாது, சி.டி.யின் வகையும் பொருந்த வேண்டும். கம்ப்யூட்டரோடு வந்த கீ, கடையில் தனியாக விற்ற சி.டி.யில் ஏறாது. ஹோம் பதிப்பின் கீ புரொஃபஷனல் சி.டி.யில் செல்லாது. பில் கொடுத்து வாங்கிய கீயையே "தவறு" என்று கம்ப்யூட்டர் தள்ளியதற்குப் பல சமயம் இதுவே காரணம். கீ நல்லதுதான், கையில் இருந்த சி.டி.தான் வேறு வகை.

பதிப்புக்குப் பதிப்பு மாறிய விதி

2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-இல் நிலைமை சற்று மாறியது. ஒரே சி.டி.க்குள் பல தரங்கள் அடங்கியிருந்தன. எந்தத் தரம் செல்லும் என்பதைக் கீ தீர்மானித்தது. 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் அதே கீ செல்லும். ஆனால் ஹோம் பேசிக் கீயைக் கொண்டு புரொஃபஷனல் தரத்தை ஆக்டிவேட் செய்ய முடியாது. பொன்னி அரிசிக்குப் போட்ட பில்லைக் காட்டி பாசுமதி மூட்டை கேட்க முடியுமா? அந்தக் கணக்குதான் இதுவும்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் கீ ஸ்டிக்கராக ஒட்டப்படாமல் மதர்போர்டுக்குள்ளேயே பதிக்கப்பட்டு வருகிறது. அதே தரத்தைத் திரும்பப் போட்டால் கம்ப்யூட்டர் தானே படித்துக்கொள்ளும்.

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-இல் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்ற முறை வந்தது. ஒருமுறை முறையாக ஆக்டிவேட் ஆன கம்ப்யூட்டரில் மறுபடி போடும்போது கீ கேட்டால் 'கீ இல்லை' என்று சொல்லித் தாண்டிவிடலாம். நெட் இணைப்பு வந்ததும் தானே சரியாகும். மதர்போர்டை மாற்றினால் மட்டும் சிக்கல் வரும். லைசென்ஸை முன்கூட்டியே ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால் அப்போது கைகொடுக்கும்.

விண்டோஸ் 7, 8 கீகளை வைத்தே 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வழி பல ஆண்டுகள் திறந்திருந்தது. இலவச மாற்றத்துக்கான அறிவிப்பு 2016 ஜூலை 29-இல் முடிந்தும், வழி அடைபட்டது 2023 செப்டம்பரில்தான். இன்றும் "பழைய 7 கீ போதும்" என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அதே நேரத்தில், முறையான விண்டோஸ் 10 லைசென்ஸ் உள்ள கம்ப்யூட்டர், தகுதி இருந்தால், அதே தரத்து விண்டோஸ் 11-க்குச் செலவின்றி மாறலாம்.

மூன்று வகை லைசென்ஸ்

முதலாவது, கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருவது. இதை ஓ.இ.எம். என்பார்கள். விலை குறைவு, ஆனால் அந்தக் கம்ப்யூட்டரோடு பிறந்து அதோடு முடிவது. இரண்டாவது, கடையில் தனியாக விற்கும் ரீடெயில் வகை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டில் கூடாது. மூன்றாவது, பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் வகை. இதைத் தனித்தனியாகப் பிரித்து விற்க அனுமதி இல்லை.

நெட்டில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீகளில் பல இந்த மூன்றாவது வகையிலிருந்து கசிந்தவை. இன்று ஆக்டிவேட் ஆகும்; மைக்ரோசாஃப்ட் தடுக்கும் நாளில் நின்றுவிடும். அந்த நாள் தீபத்துக்கு முதல் நாளாக இருக்காது என்று யார் சொல்ல முடியும்? கொள்முதல் விலைக்கும் கீழே ஒருவன் சரக்கு விற்றால் அது எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்பவர்கள் நாம். கீ வாங்கும்போதும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

கீயே இல்லாமல் 'கிராக்' போட்டு ஓட்டுவது இதைவிட மோசம். அதை ஏற்ற, முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். பின்னர் அப்டேட்டும் நின்றுபோகலாம். காவலாளியை அனுப்பிவிட்டுக் கிடங்கைத் திறந்து போட்டது போலத்தான். 2017 மே 12-ஆம் தேதி உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' வைரஸ் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல் துறையின் கம்ப்யூட்டர்கள் சிலவும் அதில் சிக்கின. அதற்கான பாதுகாப்பு அப்டேட் இரண்டு மாதம் முன்பே வெளிவந்திருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய பாடம். கடையின் பாக்கிக் கணக்கு முழுவதும் அப்படிப் பூட்டப்பட்டால் யாரிடம் போய் எவ்வளவு வசூலிப்பது?

சட்டமும் கணக்கும்

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பதிப்பு என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார நோக்கமின்றிப் பயன்படுத்துவோருக்குச் சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உள்ளது. நமக்கோ வியாபாரமே தொழில். அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

முறையாக பில்லோடு வாங்கினால் சாஃப்ட்வேருக்குக் கட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். பில் இல்லாத மலிவுக் கீயில் இந்த லாபமும் இல்லை.

கீயே தேவைப்படாத வழியும் உண்டு. லினக்ஸுக்கு லைசென்ஸ் விலை கிடையாது. எத்தனை கம்ப்யூட்டரிலும் போடலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் சேர்த்தே தரப்பட்டது. பிரவுசரில் மட்டும் வேலை செய்வோருக்கு இது போதும். டேலி போன்ற விண்டோஸ் கணக்குத் திட்டங்களை நம்பியிருப்போர் நன்கு விசாரித்த பிறகே மாற வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

1. செட்டிங்ஸ் பகுதியில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து, எந்தப் பதிப்பு, எந்தத் தரம், ஆக்டிவேட் ஆகியுள்ளதா என்று பார்த்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைக்கவும்.

2. பழைய கம்ப்யூட்டரின் ஸ்டிக்கரை அழியும் முன் போட்டோ எடுத்து, பில்லோடு கோப்பில் சேர்க்கவும். கீயை அந்நியர் யாருக்கும் காட்ட வேண்டாம்.

3. ஃபார்மட் செய்யும் முன் இரண்டு இடத்தில் பேக்கப் எடுக்கவும். டேலிக்குத் தனி லைசென்ஸ் உண்டு. அதை முதலில் 'சரண்டர்' செய்துவிட்டுத்தான் ஃபார்மட்டுக்கு அனுமதி தர வேண்டும்.

4. புதிய அசெம்பிள் கம்ப்யூட்டர் வாங்கும்போது "விண்டோஸ் உண்டு" என்ற வாய்ச்சொல் போதாது. பில்லில் விண்டோஸின் பெயரும் தரமும் தனி வரியாக இருக்க வேண்டும்.

5. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அவற்றில் ஓடும் கம்ப்யூட்டர்களை மாற்றுவதற்குப் பருவம் இல்லாத மாதமாகப் பார்த்துத் திட்டமிடவும்.

கடைச் சாவி கொத்தில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதே விதிதான். சர்வீஸ் செய்பவர் வேலையைச் செய்யட்டும். உரிமையின் விவரம் நம் கையில் இருக்கட்டும். அங்கத்தினர்கள் அனைவரும் இந்த வாரமே தங்கள் கடைக் கம்ப்யூட்டர்களைச் சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.