கோவையை மதிப்பிட்டுப் பிழை காணல்

நம் மாணவருட் பலர் இக்காலத்துக் கணினிக்கு நிரல் எழுதப் பயில்கின்றனர். எழுதிய நிரல் பிழைபட நடக்குமாயின், அதனை மீண்டும் மீண்டும் வாசித்துப் பார்த்தல் அவர்தம் வழக்கம். ஆயின் எழுதியவன் கண், தான் கருதியதையே எழுத்திலுங் காணுமாதலின், வாசிப்பு மட்டும் பல வேளைகளிற் போதாது. ஓடும் நிரலை நிறுத்திக் கோவைகளை மதிப்பிடும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டீபக்கர் என்னுங் கருவி, நாம் குறித்த வரியில் நிரலை நிறுத்தி வைக்கும். அப்பொழுது மாறிகள் யாவும் தத்தம் மதிப்புடன் அசையாது நிற்கும். அவற்றாலான கோவையொன்றை நாம் கொடுப்பின், கருவி அம்மதிப்புகளை இட்டுக் கணக்கிட்டு விடை கூறும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ஆம் ஆண்டில் இயற்றிய ஜி.டி.பி. என்னுங் கருவியில், 'பிரிண்ட்' என்னுங் கட்டளை இப்பணியைச் செய்கின்றது.

ஓர் உதாரணங் காட்டுவாம். வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவிடத்தை நோக்கி, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சிய பாதியிலும் அவ்வாறே செய்து பொருளைத் தேடும் முறை யாவரும் அறிந்ததே. நடுவிடங் காணக் கீழெல்லையையும் மேலெல்லையையுங் கூட்டி இரண்டால் வகுப்பர். கீழெல்லை 1200000000, மேலெல்லை 1500000000 எனக் கொள்வோம். ஜாவா மொழியில் அந்நடுவிடத்தைக் கேட்பின் -797483648 என்று விடை வரும். பட்டியலில் எதிர்மறையான இடம் ஏது? கோவையைப் பகுத்துக் கூட்டலை மட்டும் கேட்போம். 2700000000 வரவேண்டிய இடத்தில் -1594967296 வருகின்றது. குற்றம் கூட்டலில் உள்ளதென்பது தெளிவு. 'இண்ட்' என்னும் முழுவெண் 2147483647-ஐக் கடவாது. கூட்டுத்தொகை அதனைக் கடந்தமையால் 4294967296 குறைந்து எதிர்மறையாயிற்று.

நிரலைத் திருத்துமுன்னரே மருந்தையுஞ் சோதிக்கலாம். மேலெல்லையினின்று கீழெல்லையைக் கழித்து, இரண்டால் வகுத்துக் கீழெல்லையோடு கூட்டுங் கோவையை அவ்விடத்தே கேட்பின் 1350000000 என்னும் சரியான விடை கிடைக்கும். இப்பிழை ஜாவாவின் நூலகத்திலேயே பல்லாண்டு மறைந்திருந்ததென, அப்பகுதியை எழுதிய ஜாஷுவா பிளாக் 2006-இல் வெளிப்படுத்தினார்.

நிற்க. கேள்வியே நிலையை மாற்றிவிடுதலும் உண்டு. சி மொழி நிரலில் 'ஐ++' என்னுங் கோவையை மதிப்பிடின், விடை வருவதோடு ஐ-யின் மதிப்பும் ஒன்று கூடிவிடும். பின்னர் ஓடுவது பழைய நிலையிலுள்ள நிரலன்று. ஆதலின் மதிப்பை மாற்றாத கோவைகளையே கேட்டல் வேண்டும்.

இன்னுமொன்று. கோவையைக் கொடுக்குமுன், வரவேண்டிய விடையைத் தாளிற் குறித்துக்கொள்க. 2700000000 என்பதை முன்னரே அறிந்தமையாலன்றோ மேற்கூறிய எதிர்மறை எண் நமக்குப் பிழையை உணர்த்திற்று? இவ்விரண்டையும் நம் மாணவர் வழக்கமாகக் கொள்வாராயின், பிழை தேடுதற்கண் வீணாகும் பொழுது பெரிதுங் குறையும்.