அடைக்கோழி

தம்பி கோழி வளர்க்கத் தொடங்கியிருக்கிறான். செராங்கூன் கார்டன்சில் அவனுடைய தரைவீட்டுக் கொல்லையில் நான்கு கோழிகள். வாங்குவதற்கு முன் மூன்று மாதம் அதைப் பற்றியே படித்தான். காணொளிகள் பார்த்தான், விதிமுறைகளைத் தேடி எடுத்தான், கூண்டுக்கு அளவு வரைந்தான். ஒருநாள் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டு, "அக்கா, அப்பாயி கோழிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அப்பாயிக்கும் தெரிந்திருக்காது. அரிசி புடைத்து மிஞ்சிய நொய்யை வாசலில் இறைத்து "பா, பா, பா" என்று குரல் கொடுப்பார். மற்றதைக் கோழி தானே தேடிக்கொள்ளும்: கரையான், மண்புழு, தேங்காய்த் திருவல், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வீசும் சோறு. தம்பி இப்போது தராசு வைத்து அளக்கிறான். முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம்வரை வேண்டுமாம்.

அப்பாயி நொய் இறைத்தது, சோங் பாங் கம்பத்தில் நாங்கள் இருந்த காலத்தில். அப்பாவுக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. 1971ல் பிரிட்டிஷ் படை கிளம்பிய பிறகு கப்பல் பட்டறையில். கோழி "வளர்த்தோம்" என்று சொன்னால் அப்பாயி சிரித்திருப்பார். பிள்ளையை வளர்ப்பார்கள், மாட்டை வளர்ப்பார்கள். கோழி வீட்டில் கிடக்கும், அவ்வளவுதான். முதல் கோழி எப்போது வந்தது, யார் கொடுத்தது என்று எவருக்கும் நினைவில்லை. நடக்கப் பழகும்போதே எச்சத்தை மிதிக்காமல் நடக்கவும் பழகிக்கொண்டோம். புதிதாகக் கோழி வளர்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கம்பத்தில் ஆள் கிடைத்திருக்காது.

எத்தனை கோழி என்ற கணக்கும் கிடையாது. சாயங்காலம் பஞ்சாரத்தில் அடைக்கும்போது நான் எண்ணினால் அப்பாயி கையைத் தட்டிவிடுவார். எண்ணினால் பருந்துக்குக் கணக்குச் சொன்ன மாதிரியாம். தம்பிக்கோ எண்ணிக்கை சட்டத்திலேயே இருக்கிறது. தனியார் தரைவீட்டில், விற்பனைக்கு அல்லாமல், பத்துவரை வைத்துக்கொள்ளலாம். வெளிப்பறவை உள்ளே புகாதபடி கூண்டுக்கு வலை வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் ஒன்றுகூட ஆகாது. 2004ல் வட்டாரம் முழுதும் பறவைக் காய்ச்சல் பரவியபோது ஊர் எப்படிப் பதறியது என்று எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே இந்த வலையைப் பற்றி எனக்குக் குறையில்லை. அந்த வலைக்கும் கூண்டுக்கும் ஆன செலவைத்தான் தம்பி தன் மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

கூண்டின் தரை சிமெண்டு. சாக்கடை வழியாக மலைப்பாம்பு வரும் என்று பயம். வீணான பயமில்லை, இந்த நகரத்தின் கால்வாய்களில் மலைப்பாம்பு இன்றும் தாராளமாக இருக்கிறது. கம்பத்திலும் வந்தது. விடிந்து பார்த்தால் பஞ்சாரம் உருண்டு கிடக்கும், இரண்டு குறையும். பாம்புக்குப் போனது போக மிச்சம்தான் நமக்கு என்பது அப்போதைய ஏற்பாடு. ஒரு மழைக்காலத்தில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. அப்பாயி சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் அரைத்து ஒவ்வொரு கோழியின் வாயிலும் திணித்தார். பத்து நாளில் மூன்று பெட்டை மட்டும் மிஞ்சின. மற்றவற்றை ரம்புத்தான் மரத்தடியில் அப்பா புதைத்தார். போன மாதம் தம்பியின் கோழி ஒன்று சோர்ந்து உட்கார்ந்தது. துண்டில் சுற்றி மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே கட்டிய காசுக்குத் தேக்காவில் இருபது கோழி வாங்கியிருக்கலாம். கோழி பிழைத்துக்கொண்டது. அதையும் சொல்ல வேண்டும்.

தேக்கா என்றதும் பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை வாசனை வந்துவிடுகிறது. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் மலாய்ப் பெயர் அது. 1915ல் கட்டிய சந்தை. தீபாவளிக்கு முன்தினம் அப்பாவோடு போவேன். மூங்கில் கூடைகளில் உயிர்க்கோழி இருக்கும். அப்பா காலைப் பிடித்துத் தூக்கி, இறக்கையை விரித்து, நெஞ்செலும்பை விரலால் அழுத்திப் பார்ப்பார். கடைக்காரர் கழுத்தை அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கித் தருவார்; அதுவரை நான் பூக்கடைப் பக்கம் நிற்பேன். 1982ல் சந்தை எதிர்ப்புறம் இருந்த புதுக் கட்டடத்துக்கு மாறியது. 1990களின் தொடக்கத்தில் சந்தைகளில் கோழி அறுப்பது நின்று, அந்த வேலை கோழி அறுப்புக்கூடங்களுக்குப் போனது. பப்பலோ ரோட்டில் மேலே அடுக்குமாடியில் குடியிருக்கும் நான் இப்போது மின்தூக்கியில் இறங்கிப் போய் வாங்கும் கோழிக்கு இறகும் இல்லை, குரலும் இல்லை. எடைதான் உண்டு. சந்தைத் தரை காய்ந்திருக்கிறது, ஈ மொய்ப்பதில்லை. பழைய தரையில் செருப்பு வழுக்கி விழுந்தவள் என்பதால் இதைப் பெரிய வரவாகவே எழுதிக்கொள்கிறேன்.

அந்தக் கடைகளில் பல 2022 ஜூன் மாதம் வெறிச்சோடின. மலேசியா தன் நாட்டுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. நாம் இறக்குமதி செய்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது, அதிலும் பெரும்பகுதி உயிருடன். கம்பத்துக் கோழிக்கும் கருங்கோழிக்கும் இரண்டே வாரத்தில் தடை நீங்கியது; மற்றவை அக்டோபரில்தான் வந்தன. தம்பிக்குக் கோழி ஆசை பிடித்தது அந்த இடைவெளியில். 1960களிலும் எழுபதுகளிலும் இந்தத் தீவு தனக்கு வேண்டிய முட்டையையும் கோழியையும் பன்றியிறைச்சியையும் தானே உற்பத்தி செய்துகொண்டது என்றால் இளையவர்கள் நம்புவதில்லை. இன்று மூன்று முட்டைப் பண்ணைகள். நாம் உண்ணும் முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைத் தருகின்றன. மீதி மலேசியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் போலந்து, உக்ரேன் வரையுள்ள நாடுகளிலிருந்தும் வருகிறது. அப்பாயி தன் முட்டையில் நான்கைக் கொடுத்துக் கடையில் சர்க்கரை வாங்கிய ஊரில், போலந்து முட்டையைத் தேதி பார்த்து எடுக்கிறேன்.

1977ல் அங் மோ கியோவுக்கு மாறினோம். 1960ல் வீவக தொடங்கியபோது அரசாங்க அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இன்று நான்கில் மூன்று பேருக்கு மேல். அத்தனை குடும்பமும் மாறியபோது அத்தனை கோழிகளும் எங்கே போயின என்று நான் யோசித்ததுண்டு. சில மேலே வந்தன. பழைய விமான நிலையச் சாலை வீட்டுக்கு மாறிய ஒரு குடும்பத்தைப் பற்றி லீ குவான் இயூ தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு பிள்ளைகள். கூடவே ஒரு டஜன் கோழியும் வாத்தும். கூடத்துக்குள் வராதபடி சமையலறை வாசலுக்கு அந்தத் தாய் மரக்கதவு ஒன்று அடித்துக்கொண்டார். மாலையில் பிள்ளைகள் கீழே புல்வெளியில் மண்புழு பொறுக்கினார்கள். பத்து ஆண்டு இப்படியே ஓடியதாம். எங்கள் அப்பாயி அவ்வளவு துணியவில்லை. கோழிகளைக் கம்பத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பஞ்சாரத்தை மட்டும் லாரியில் ஏற்றினார். கவிழ்த்தால் பஞ்சாரம், நிமிர்த்தினால் துணிக்கூடை. மூங்கில் இற்றுப்போகும்வரை நான்காவது மாடியில் அழுக்குத் துணி அதில்தான் கிடந்தது. சோங் பாங் கம்பம் 1989ல் இடிபட்டது. அன்றைக்குத் தம்பிக்கு எட்டு வயது; நாங்கள் அங்கிருந்து மாறிய பிறகு பிறந்தவன். ஆகவே அவன் புதியவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அவன் சேவல் வைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் விடிகாலைச் சத்தத்தைப் பொறுக்கமாட்டார்கள். கம்பத்தில் அப்பாவின் முதல் ஷிப்டு சேவலால்தான் நடந்தது. 2017ல் சின் மிங் பக்கம் புல்வெளியில் திரிந்த கோழிகளைப் பற்றி இருபது புகார்கள் வர, வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் 24 கோழிகளைப் பிடித்துக் கொன்றது. அதன்பின் அவற்றுக்காகப் பரிந்து எழுதியவர்கள் புகார் கொடுத்தவர்களைவிடப் பல மடங்கு. ஆணையம் நோய்ப்பரவலைச் சொன்னது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு என்று சொல்லிவிடலாம், ஆனால் எனக்கு அந்தச் சேவல்கள் பக்கம் சற்றுச் சாய்வு. உலகத்துக் கோழிக்கெல்லாம் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி, சாம்பல் காலும் காதோரம் வெள்ளைத் திட்டுமாக, பூலாவ் ஊபினில் இன்னும் தானாகத் திரிகிறது. அதனிடம் யாரும் அனுமதி கேட்கச் சொல்வதில்லை.

தம்பியின் நான்கில் மூன்று பழுப்பு முட்டைக்கோழிகள். நல்ல இனத்தில் ஒரு கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும். அப்பாயியின் பெட்டைகள் அறுபது, எழுபது இட்டிருந்தால் அதிகம். சோம்பல் ஒன்றும் இல்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். உட்காராத கோழியாகத் தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கியதால் கிடைத்தவைதான் அந்த முந்நூறு. அன்று அடைக்கோழி வீட்டுக்குச் செல்வம். உடைந்த சட்டியில் உமி பரப்பி, ஒற்றைப்படையாகப் பதினொன்று வைத்து, இடிச்சத்தத்தில் கரு கெடாமலிருக்க ஒரு கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் ஓர் ஆணியும் ஓரத்தில் சொருகுவார் அப்பாயி. ஏழாம் நாள் முட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்து, நரம்பு ஓடாததை ஒதுக்குவார். பலகைச் சுவரில் நாளுக்கொரு கரிக்கோடு.

நான்காவது கோழி சில்க்கி. பஞ்சு பொதிந்த மாதிரி வெள்ளை இறகு, உள்ளே தோல் கறுப்பு. தம்பி மகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். எனவே அது எந்த நாளும் குழம்புக்குப் போகாது. நல்ல அடைப் புத்தி உள்ள இனம். இரண்டு வாரத்துக்கு முன் முட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. கையை நீட்டினால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தியது. அடியில் முட்டைகூட இல்லை.

"அக்கா, அடையைக் கலைக்க என்ன செய்யணும்?"

"அப்பாயி மூக்குல இறகைக் கோத்துவிடும். இல்லாட்டி தண்ணியில முக்கி எடுக்கும்."

"ஐயோ, பாவம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை நாள் உட்காரும்?" என்று கேட்டான். இருபத்தொன்று என்றேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டான். நேற்று நான் போனபோது பெட்டிக்குள் ஒரு கோல்ஃப் பந்து இருந்தது. அவன்தான் வைத்திருக்கிறான். சில்க்கி அதை அலகால் நெஞ்சுக்கடியில் தள்ளிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை இருபத்தொன்றாம் நாள்.