உங்களுக்குத் தெரியுமா? கொஸ்லந்த: மலையும் மனையும்

● பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது கொஸ்லந்த. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெரகல, வெல்லவாய வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி இந்தச் சிறிய ஊரை ஊடறுத்துச் செல்கிறது.

● அதே வீதியில் வெல்லவாயப் பக்கம் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் இறங்கினால் தியலும நீர்வீழ்ச்சி. உயரம் 220 மீற்றர். இலங்கையில் இதைவிட உயரமானது 263 மீற்றர் கொண்ட பம்பரகந்த மட்டுமே. அதுவும் பதுளை மாவட்டத்தில்தான்.

● வெள்ளைக்காரர் காலத்துப் பெருந்தோட்டங்களில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு. சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள்தான். இன்றும் லயத்தில் வாழும் குடும்பங்கள் ஏராளம்.

● 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த தொழிலாளருக்கோ, இந்த இரண்டு மாற்றங்களிலும் காணி உறுதி கிடைக்கவில்லை.

● 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள். திரும்பி வர வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. புதையுண்டவர்களில் பலரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

● மீரியபெத்த ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனால், எழுந்து போகச் சொன்னால் மட்டும் போதாது. போய் இருக்க ஒரு காணி வேண்டும். சொந்த நிலமில்லாத மக்களுக்கு அதுதான் இல்லாதிருந்தது.

● நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கிவரும் ஊற்றுநீர்: இவை மண்சரிவின் முன்னறிகுறிகள். கண்டால் உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

● மீரியபெத்த மண்சரிவில் உயிர் தப்பியவர்களுக்காக மாக்கல்தெனியவில் கட்டிய 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 7 பேர்ச் காணி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆக, வீட்டோடு சேர்த்து ஏறத்தாழ 1,900 சதுர அடி.

● வீட்டுக்கு முகவரியும் வேண்டும். ஓர் ஒப்பீடு: ஜப்பானின் யோகோஹாமா நகரத்தில் 18 வட்டாரங்கள், ஒசாகாவில் 24. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி அலுவலகம் உண்டு. புதிதாகக் குடிவந்தவர் 14 நாட்களுக்குள் அங்கே முகவரியைப் பதியவேண்டும். நம் தோட்டங்கள் பலவற்றிலோ லயத்துக்குத் தனி முகவரியே கிடையாது. தோட்டப் பெயருக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் இறங்கி, பிறகே உரியவர் கைக்குப் போகும். நேர்முகத்தேர்வுக் கடிதம் பிந்தினால் ஒரு பிள்ளையின் வேலையே போய்விடும்.

● 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபை நிதியைத் தாராளமாகச் செலவிட இடம் தரவில்லை. தோட்ட மக்களும் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அவர்கள் வீதியைத் திருத்த முடியாமல் நின்றது. 2018இல் வந்த திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. ஆகவே, தோட்டத்து வீதி, குடிநீர், வடிகான் ஆகியவற்றைப் பிரதேச சபையிடம் கேட்பது இன்று உங்கள் உரிமை. எழுத்தில் கேளுங்கள், பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.