தரமிறக்கமும் தலைமையும்: ஒசேர் கழகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

எமது சஞ்சிகைகளில் உதைபந்தாட்டம் பற்றி எழுதப்படுவது அபூர்வம். தேசியம், சாதியம், பெண்ணியம், பின்நவீனத்துவம் என்று சகலதையும் விவாதிக்கிற நாம், எம்மவரில் பெரும்பாலானோர் வார இறுதியில் எதைப் பார்க்கிறார்கள், எதற்காகக் குரலை உயர்த்துகிறார்கள் என்பதைக் கண்டுகொள்வதில்லை. லா சப்பலில், ஃபோபூர் செந்-தெனி வீதியிலோ கை வீதியிலோ உள்ள ஒரு தேநீர்க் கடையில் அரை மணித்தியாலம் இருந்தால் போதும். ஒரு பயிற்றுனரை வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அங்கு நடக்கிற வாதம் எமது இலக்கியச் சந்திப்புகளின் வாதங்களுக்குச் சூட்டில் குறைந்ததல்ல. அந்த வாதத்தின் உள்ளே இருப்பது விளையாட்டு மட்டுமல்ல. தோல்விக்கு யார் பொறுப்பு, தோற்றவரிடம் மறுபடியும் பொறுப்பைக் கொடுக்கலாமா என்பவையே அங்கு பேசப்படுகின்றன. இக்கேள்விகளை எமது அமைப்புகளின் உள்ளே நாம் ஒருநாளும் நிதானமாகப் பேசியதில்லை. ஆகவே, கொஞ்சம் சுற்றிச் சென்று, ஒரு பிரெஞ்சுக் கழகத்தின் கதையூடாகப் பேசிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

விளையாட்டைப் பின்தொடராத வாசகர்களுக்காக முதலில் சில விபரங்கள். பிரான்சில் தொழில்முறைக் கழகங்கள் முதலாம் பிரிவு (லீக் 1), இரண்டாம் பிரிவு (லீக் 2) என இரண்டாக ஆடுகின்றன. பருவ முடிவில் மேற்பிரிவின் கடைசி இடங்களில் நிற்பவை கீழே இறங்க, கீழ்ப்பிரிவின் முதலிடங்களில் நிற்பவை மேலே வரும். இதுவே தரமிறக்கமும் தரமுயர்வும். 2022-23 பருவத்தில் ஒரு விசேடம் இருந்தது. முதலாம் பிரிவை 20 கழகங்களிலிருந்து 18 ஆகக் குறைப்பதற்காக அவ்வாண்டு நான்கு கழகங்கள் ஒரே தடவையில் இறக்கப்பட்டன. ஒசேர் 35 புள்ளிகள், அஜாக்சியோ 26, துருவா 24, ஆன்ஜே 18. ஒசேருக்கு மேலே நின்று தப்பிய நாந்த் பெற்றது 36. ஒரேயொரு புள்ளி வித்தியாசம். 2023 ஜூன் 3 அன்று, கடைசி ஆட்டத்தில், ஒசேர் தன் சொந்த மைதானத்தில் லான்சிடம் 1-3 என்று தோற்றது. அதே நேரத்தில் நாந்த் 1-0 என்று ஆன்ஜேயை வென்றது.

தரமிறக்கம் என்பது வெறும் மானப் பிரச்சினை அல்ல. ஒரு கழகத்தின் வருமானத்தில் பெரும்பங்கு தொலைக்காட்சி உரிமையிலிருந்து வருகிறது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கியதும் அது பலமடங்கு சுருங்கிவிடும். செலவோ அதே வேகத்தில் சுருங்காது. வீரர்களின் ஒப்பந்தங்கள் தொடர்ந்தும் இருக்கும். சம்பளம் கொடுத்தாக வேண்டும். அவர்களை விற்றால் பணம் வரும், ஆனால் அணி உடையும். விற்காவிட்டால் அணி நிற்கும், ஆனால் கடன் ஏறும். இதற்கிடையில் கழகங்களின் கணக்குவழக்கைப் பரிசோதிக்கும் தேசிய அமைப்பான டே.என்.சே.ஜே. ஒவ்வொரு கோடையிலும் வரவு செலவைக் கேட்கும். கணக்குச் சரியில்லையெனில், ஆடுகளத்தில் வென்றிருந்தாலும் கீழே இறக்கும் அதிகாரம் அதற்குண்டு.

இத்தகைய நிலையில் கழகங்கள் வழக்கமாகச் செய்வது பயிற்றுனரை நீக்குவதுதான். இருபத்தைந்து வீரர்களை மாற்ற முடியாது, முதலாளி தன்னைத் தானே மாற்றிக்கொள்ள மாட்டார். எஞ்சுபவர் ஒருவரே. ஆனால் 2023 கோடையில் அபூர்வமான ஒன்று நடந்தது. இறங்கிய நான்கு கழகங்களும் தாம் இறங்கியபோது இருந்த அதே பயிற்றுனருடனேயே அடுத்த பருவத்தைத் தொடங்கின. ஒசேரில் கிறிஸ்தோப் பெலிசியே, ஆன்ஜேயில் அலெக்சாந்தர் துய்ஜூ, அஜாக்சியோவில் ஒலிவியே பந்தலோனி, துருவாவில் அவுஸ்திரேலியரான பற்றிக் கிஸ்னோர்போ.

பலன்கள் இவை. 2023-24 பருவத்தில் ஒசேர் 38 ஆட்டங்களில் 74 புள்ளிகள் பெற்று இரண்டாம் பிரிவின் சம்பியனாகி மேலே திரும்பியது. ஆன்ஜே இரண்டாம் இடம், அதுவும் மேலே போனது. அஜாக்சியோ நடுவில் எங்கோ நின்றது. துருவாவில் நவம்பரிலேயே கிஸ்னோர்போ போய்விட்டார். கழகம் 17ஆம் இடத்தில் முடித்தது. அது மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டிய இடம். பொர்தோ கழகம் நிதி நெருக்கடியால் அவ்வருடம் கீழே தள்ளப்பட்டதனாலேயே துருவா தப்பியது.

ஒரே முடிவை எடுத்த நால்வருக்கு நான்கு விதமான கதி. ஆகவே ‘பழைய பயிற்றுனரை வைத்திருந்தால் மீளலாம்’ என்பதும் பொய், ‘தோற்றவனை வைத்திருந்தால் அழிவுதான்’ என்பதும் பொய். லா சப்பல் வாதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கிடையிலேயே நடக்கின்றன. நாம் கேட்க வேண்டியது, அவர் எந்த நிபந்தனைகளின் கீழ் தொடர்ந்தார் என்பதே.

முதலாவது, தோல்வியில் அவருடைய பங்கு என்ன? ஒசேரை 2022இல் மேலே கொண்டுவந்தவர் ஜோன்-மார்க் ஃபுர்லான். அவர் அதே ஆண்டு ஒக்ரோபரில் நீக்கப்பட்ட பின்னரே பெலிசியே வந்தார். ஆன்ஜேயில் துய்ஜூ பொறுப்பேற்றது 2023 மார்ச்சில், அவ்வருடத்தின் மூன்றாவது பயிற்றுனராக. இவர்கள் மூழ்கிக்கொண்டிருந்த வள்ளத்தில் ஏறியவர்கள், ஓட்டை போட்டவர்கள் அல்லர். பொறுப்புக் கேட்பதற்கு முன் திகதிகளைப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் இது மட்டும் போதாது. இதே ஒசேர் 32 ஆண்டுகள் தொடர்ந்து முதலாம் பிரிவில் இருந்துவிட்டு 2012இல் இறங்கியது. அப்போதும் பயிற்றுனர் ஜோன்-கி வலெம் அவ்வருட மார்ச்சில்தான் வந்திருந்தார். அவரையும் கழகம் வைத்திருந்தது. டிசெம்பரில் நீக்கியது. அதன்பின் அரை டசினுக்கு மேற்பட்ட பயிற்றுனர்கள் மாறினர். மேலே திரும்பப் பத்து வருடங்கள் எடுத்தன. ஒரே ஊர், ஒரே மைதானம், ஒரே முடிவு, எதிர்மாறான விளைவு.

ஆகவே இரண்டாவது நிபந்தனை: அவருடன் கூட எவர் மிஞ்சினார்கள்? 2023இல் ஒசேர் வாடகைக்கு வந்தவர்களையும் கூடிய சம்பளக்காரர் சிலரையும் போக விட்டது. ஆனால் அணியின் முதுகெலும்பு கலையவில்லை. பிரேசில்காரரான பின்கள வீரர் ஜூபால், கொத்தியே ஏன், கயெத்தான் பெரான், சினாயோகோ ஆகியோர் நின்றார்கள். இவர்களிற் சிலர் 2022இல் மேலே வந்த அணியிலும் இருந்தவர்கள். இறங்கியதன் கசப்பும் ஏறும் வழியும் தெரிந்தவர்கள். தொடர்ச்சி என்று நாம் சொல்வது ஒரு மனிதர் நாற்காலியில் தொடர்வதையல்ல, பலருடைய கூட்டு ஞாபகம் தொடர்வதை. பயிற்றுனர் அந்த ஞாபகத்தின் காவலாளி மட்டுமே.

மூன்றாவது: அவருக்கு மேலே இருப்பவர் யார்? துருவா 2020 முதல் மான்செஸ்ரர் சிற்றியை உடைமையாகக் கொண்ட சிற்றி குழுமத்தின் கையில் இருக்கிறது. கிஸ்னோர்போ அக்குழுமத்தின் இன்னொரு கழகமான மெல்பேர்ண் சிற்றியிலிருந்து கொண்டுவரப்பட்டவர். ஒரு கம்பனி தன் ஊழியரை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றுவது போன்ற நியமனம். ஊர்ச் சனத்துக்கும் அணிக்கும் இடையே இருந்த உறவு எவ்வளவு முறிந்திருந்தது என்பதை 2024 மே மாதத்தில் வலன்சியெனுடனான ஆட்டம் காட்டியது. இரசிகர்கள் புகைக்குண்டுகளை ஆடுகளத்துக்குள் வீச, வீரர்கள் சிலர் அவற்றை எடுத்துத் திருப்பி வீசினர். ஆட்டம் இடையில் நிறுத்தப்பட்டது. இப்படியான இடத்தில் பயிற்றுனர் நீடிப்பதும் போவதும் ஒரு பொருட்டே அல்ல.

அஜாக்சியோவின் பந்தலோனி இன்னும் சிந்திக்க வைப்பவர். அக்கழகத்தில் 2014 முதல் இருந்தவர். மேலே கொண்டுபோனவரும் அவரே, இறங்கும்போது இருந்தவரும் அவரே. 2024இல் அவர் லோரியோன் கழகத்துக்குப் போனார். லோரியோன் அப்போதுதான் முதலாம் பிரிவிலிருந்து இறங்கியிருந்தது. அவருடைய பயிற்சியில் அது 2025இல் இரண்டாம் பிரிவுச் சம்பியனாகி மேலே திரும்பியது. அஜாக்சியோவோ அதே 2025இல் நிதிச் சீரழிவினால் தொழில்முறை உதைபந்தாட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. ஒரே மனிதர், இரண்டு கழகங்கள். ஆளின் திறமை பொய்யல்ல. ஆனால் ஆளை மட்டும் பார்ப்பவன் பாதியைத்தான் பார்க்கிறான்.

ஒரு எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முதலாம் பிரிவிலிருந்து இறங்கும் அணி, இரண்டாம் பிரிவின் பெரும்பாலான அணிகளைவிட எப்படியும் பலமானது. எவர் பயிற்றுனராக இருந்தாலும் அது வென்றிருக்கும் என்று வாதிடலாம். இதில் உண்மை உண்டு. ஆனால் துருவாவும் அஜாக்சியோவும் அதே பலத்துடன்தானே இறங்கின?

எல்லைக்கு அப்பால் ஜேர்மனியில் ஃபிறைபூர்க் கழகம் இதையே ஒரு பண்பாடாக ஆக்கியது. ஃபோல்க்கர் ஃபிங்க 1991 முதல் 2007 வரை அங்கு பயிற்றுனர். 1997, 2002, 2005 என மூன்று தடவைகள் அவர் காலத்தில் கழகம் இறங்கியது. மூன்று தடவையும் அவரே தொடர்ந்தார். முதல் இரு தடவைகளும் மறு வருடமே மேலே ஏறினார்கள். மூன்றாவது தடவை ஏற முடியவில்லை, 2007இல் அவர் விடைபெற்றார். பின்னர் கிறிஸ்ரியான் ஸ்ரைக்கும் 2015இல் இறங்கி, தொடர்ந்து நின்று, 2016இல் சம்பியனாக ஏறினார். அங்கு கழகம் உறுப்பினர்களுடைய சங்கமாகவே இருந்து வருகிறது. பயிற்றுனர் நீடித்தார், ஆனால் கேள்வி கேட்கும் சபையும் நீடித்தது என்பதே இதன் பொருள்.

இனி எமது வீட்டுக் கதைக்கு வரலாம்.

குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ் போன்ற கழகங்களின் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த சமூகம் எமது. உதைபந்தாட்டத்தில் தோற்பது எங்களுக்குப் புதிதல்ல. தோற்றபின் என்ன செய்வது என்பதற்குத்தான் எம்மிடம் வழக்கம் இல்லை. எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு கழகம், பாரிஸ் புறநகரில் ஊர்ப்பெயரில் இயங்கியது. ஒரு கோடைச் சுற்றுப்போட்டியில் முதற் சுற்றிலேயே வெளியேறியது. அடுத்த மாதம் அதே ஊர்ப்பெயரில் இரண்டு கழகங்கள் இருந்தன. அடுத்த வருடம் இரண்டும் முதற் சுற்றில் வெளியேறின. பந்துகளும் சீருடைகளும் எவருக்குச் சொந்தம் என்ற வழக்கு மட்டும் நீண்டகாலம் நடந்தது.

இதற்குச் சட்டமும் வசதி செய்து கொடுத்திருக்கிறது. பிரான்சில் சங்கங்கள் பதியப்படுவது 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ். இரண்டு பேர், ஒரு யாப்பு, ஒரு அறிவிப்பு, போதும். பிரெஞ்சுக் குடியரசின் அற்புதமான சுதந்திரங்களில் இது ஒன்று. நாம் அதைப் பிரிவதற்கே கூடுதலாகப் பயன்படுத்தியிருக்கிறோம். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், சிறுசஞ்சிகைகள் யாவும் இவ்வழியே பெருகின. மூன்றாவது இதழில் கருத்து வேறுபாடு, நான்காவது இதழ் இரண்டு பெயர்களில்.

மறுபக்கத்தில் இதற்கு நேர்மாறான நோயும் எம்மிடம் உண்டு. இருபது வருடமாக ஒரே தலைவர், ஒரே செயலாளர், கணக்கறிக்கை வாசிக்கப்படாத பொதுக்கூட்டம். கேட்டால் ‘அவரைவிட்டால் ஆர் செய்யிறது?’ என்பார்கள். சிலர் ஒசேரின் கதையை இதற்கு ஆதாரமாகக் காட்டக்கூடும். காட்ட முடியாது. பெலிசியே தொடர்ந்தது எவரும் கேள்வி கேட்காததால் அல்ல. வாராவாரம் புள்ளிப்பட்டியல் கேள்வி கேட்டது. டே.என்.சே.ஜே. கணக்குக் கேட்டது. மைதானத்தில் ஊர் மக்கள் கேட்டார்கள். இவ்வளவு கேள்விகளுக்கும் நடுவே கொடுக்கப்பட்டதுதான் அந்த இரண்டாவது சந்தர்ப்பம். கேள்வி இல்லாமல் கொடுக்கப்படுவது சந்தர்ப்பம் அல்ல, சொத்துரிமை.

இங்குதான் உதைபந்தாட்டக் கழகத்துக்கும் எமது அமைப்புகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இருக்கிறது என நினைக்கிறேன். ஒசேருக்கு 35 புள்ளி, நாந்துக்கு 36. எவரும் மறுக்க முடியாது. ‘உண்மையில் நாம் வென்றோம்’ என்று அறிக்கை விட முடியாது. எமக்கோ தரமிறக்கம் இல்லை. பாடசாலையில் பிள்ளைகள் குறைந்தாலும், சஞ்சிகையின் வாசகர்கள் நூறாகச் சுருங்கினாலும், கூட்டத்துக்குப் பேச்சாளர்கள் மட்டுமே வந்தாலும், நாம் முதலாம் பிரிவிலேயே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கலாம். இறங்கிவிட்டோம் என்று சொல்ல ஒரு பட்டியல் இல்லாதபோது, மீண்டெழுவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. தோல்வியை ஒப்புக்கொள்ளாதவர்கள் செய்யக்கூடியவை இரண்டே: துரோகியைத் தேடுவது, அல்லது ஒன்றும் நடக்காதது போல் ஆண்டுவிழா எடுப்பது. இரண்டையும் நாம் திறம்படச் செய்திருக்கிறோம்.

எனவே என் முன்மொழிவு மிகச் சாதாரணமானது. எமது அமைப்புகள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை தமக்கான புள்ளிப்பட்டியலைத் தாமே எழுதட்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், எவ்வளவு காசு வந்தது, எங்கே போனது, எதைச் செய்வதாகச் சொன்னோம், எதைச் செய்தோம். அதை உறுப்பினர் முன் வாசிக்கட்டும். வாசித்தபின், ‘நான் இன்னும் ஒரு வருடம் முயல்கிறேன்’ என்று ஒரு தலைவர் கேட்டால், அதற்கு ஆம் என்று சொல்வது பலவீனம் ஆகாது. இல்லை என்று சொல்வதும் துரோகம் ஆகாது. ஒசேர் 2024-25இல் முதலாம் பிரிவில் 11ஆம் இடத்தில் முடித்தது. அது ஒன்றும் மகத்தான வெற்றியல்ல. ஆனால் அந்த இடத்தை அவர்கள் எண்ணித்தான் அறிந்தார்கள். நாம் எத்தனையாம் இடத்தில் நிற்கிறோம் என்பதை எண்ணத் தொடங்கினாலே போதும் என்கிறேன். மறுப்பவர்கள் எழுதலாம்.