பரம்பில் என்ன பார்க்கலாம்?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டியதும் ஒரு சரளை மேடு வரும். பேருந்து அதன் ஊடாகத்தான் போகிறது. கோபுரமோ மண்டபமோ கிடையாது, முள்மரமும் செம்மண்ணும்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள்கூடக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் பரம்பு என்று சொல்லும் அந்த மேடுதான் ஆதிச்சநல்லூர். ஏறத்தாழ 114 ஏக்கரில் விரிந்த பழங்கால இடுகாடு. மாவட்டம் தூத்துக்குடி என்றாலும் நெல்லையிலிருந்து வருவதுதான் வசதி. சுமார் 24 கிலோமீட்டர்.

முதலில் இந்தியத் தொல்லியல் துறை 2023 ஆகஸ்டில் திறந்த தள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அகழ்ந்த குழியை மூடாமல், முதுமக்கள் தாழிகளையும் இடம் மாற்றாமல், மேலே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். அவசரப்படாமல் குனிந்து பாருங்கள். தாழி இறங்கியிருக்கும் குழியின் ஓரத்தைக் கவனித்தால் அது வெறும் மண் இல்லை, பாறையை வெட்டிய பள்ளம் என்று தெரியும். இரும்புக் கருவிகளை வைத்துக்கொண்டு, இறந்த ஒருவருக்காக அத்தனை உழைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கிடக்கும் சிறு பானைகள் உள்ளே கருப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கும். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உட்புறத்துக்குக் காற்று போகாது, கருத்துவிடும். காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும். இந்தக் கருப்பு-சிவப்புப் பானை ஓட்டை அடையாளம் கண்டுகொண்டால் தமிழகத்தின் பாதித் தொல்லியல் தளங்களில் உங்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

இங்கே கிடைத்த சிறந்த பொருள்கள் பல இங்கே இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் என்பவர் தோண்டி, கிடைத்தவற்றைத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். தங்க நெற்றிப்பட்டம், இரும்பு வேல், எருமையும் சேவலும் மேலே நிற்கும் வெண்கல மூடிகள், நெல் உமி என்று அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த வெண்கல எருமையின் வளைந்த கொம்பை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். அதை வார்த்த கையின் ஊர்க்காரப் பிள்ளைகள் அதைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருப்பது எனக்கு ஆறவே இல்லை.

வயது பற்றி ஒரு சொல். கரிமப் பகுப்பாய்வு கரி, உமி போல ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருளின் வயதைத்தான் சொல்லும். ஆதிச்சநல்லூர் மாதிரிகளுக்கு 2019-இல் கி.மு. 905, கி.மு. 696 என்று முடிவு வந்தது. அது அந்த மாதிரிகளின் காலம். இடுகாடு தொடங்கிய ஆண்டு என்று கொள்ளக்கூடாது. தாமிரபரணி ஆற்றுக்கு வடக்கே சிவகளையில், தாழிக்குள் கிடைத்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். அதே ஊரில் இரும்போடு கிடைத்த கரிக்குக் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் தமிழக அரசின் அறிக்கை சொன்னது. அறிஞர்களிடையே அது பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. எந்தப் பலகையில் ஆண்டைப் பார்த்தாலும், எந்தப் பொருளை அளந்து சொன்னார்கள் என்று கேளுங்கள்.

நேரமிருந்தால் ஏரல் வழியாகக் கொற்கைக்குப் போகலாம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இப்போது வயலும் வாழையும் குளமுமாக இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது. துறை தூர்ந்ததும் வணிகம் காயல் என்ற துறைமுகத்துக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதியது அந்தக் காயலைத்தான். கொற்கையில் குளத்துக்குள் நிற்கும் வெற்றிவேலம்மன் கோயிலையும், பழைய நாணயச் சாலையின் பேரைத் தாங்கி நிற்கும் அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயிலையும் பாருங்கள்.

பரம்பில் நிழல் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தைத் தவிர்த்துத் தை, மாசியில் வருவது நல்லது.

காலடியில் பானை ஓடு கிடக்கும். தயவுசெய்து எடுக்காதீர்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அது எதையும் சொல்லும். உங்கள் அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதோ வாய்க்கால் தோண்டும்போதோ தாழியின் வாய் தெரிந்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள்.