செம்பரம்பாக்கத்தில் மதகு திறந்தால் கோட்டூர்புரத்தில் எத்தனை அடி தண்ணீர்? கணக்குப் போடுகிறது கம்ப்யூட்டர்!

"ஏரியைத் தொறந்துட்டாங்களாமே!"

மழைக்காலம் வந்துவிட்டால் கோட்டூர்புரத்தில் டீக்கடை, மளிகைக்கடை, பஸ் நிறுத்தம் எங்கும் இதே பேச்சுதான். அடுத்த கேள்வி, "நம்ம தெருவுக்கு வருமா?"

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி இரவு, இந்தக் கேள்விக்குத் தெருவாரியாகப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை.

வினாடிக்கு 68 லாரி

அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால், வினாடிக்கு 68 லாரி!

கரைபுரண்ட அடையாறு கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. மக்கள் மாடிகளில் தவித்தார்கள். படகு வந்துதான் மீட்டது.

ஏரி மட்டும் அல்ல

வந்தது ஏரித் தண்ணீர் மட்டும் அல்ல. ஏரியின் உபரி நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. தாம்பரம் வட்டாரத்துச் சிறு ஏரிகள் நிரம்பி வழிந்தால் அதுவும் இதே ஆற்றில்தான் வரும். கடல் மட்டம் ஏறி இருந்தால் முகத்துவாரத்தில் வெள்ளம் சட்டென்று வடியாது.

இத்தனையும் சேர்த்து மனக்கணக்குப் போட முடியுமா? அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

நிலத்தின் மேடு பள்ளம், ஆற்றின் அகலம், ஆழம், பெய்யும் மழை, ஏரியின் நீர்மட்டம், கடல் மட்டம் எல்லாவற்றையும் அதில் கொடுக்கிறார்கள். தண்ணீர் எப்போது, எங்கே, எவ்வளவு உயரம் ஏறும் என்று அது வரைபடத்தில் காட்டுகிறது.

பம்பாய் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் ஆகியவை சேர்ந்து சென்னைக்காக உருவாக்கிய 'சி-புளோஸ்' என்ற ஏற்பாடு 2019-ல் வந்தது. "இவ்வளவு மழை, இவ்வளவு திறப்பு என்றால் இவ்வளவு வெள்ளம்" என்று நூற்றுக்கணக்கான கணக்குகளை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள். மழை வரும்போது, அதற்குப் பொருந்துவதை எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

திறந்தாலும் கஷ்டம்

"மழைக்கு முன்னாலேயே ஏரியைத் திறந்து விட்டால் என்ன?" என்று கேட்கலாம். 24 அடி ஆழமும் 364½ கோடி கன அடி கொள்ளளவும் உள்ள இந்த ஏரிதான் சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. திறந்து விட்ட பிறகு மழை ஏமாற்றினால்? 2019 கோடையில் இதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததை யாரும் மறக்கவில்லை.

மழைக் கணிப்பு தப்பினால் கம்ப்யூட்டர் கணக்கும் தப்பும். அது ஜோசியம் அல்ல. ஆனால் சில மணி நேரம் முன்னால் தெரிந்தாலும் பாட்டியையும் பிள்ளைகளையும் மேட்டுக்குக் கொண்டு போய்விடலாம்.

கோட்டூர்புரத்துக்காரருக்கு வேண்டியது கன அடிக் கணக்கு அல்ல. எத்தனை மணிக்கு? எந்தத் தெரு? முழங்காலா, இடுப்பா, கழுத்தா? கம்ப்யூட்டர் சொன்னதை மைக் கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்து சொல்ல வேண்டும்... நடுராத்திரி ஆனாலும் சரி!